நாற்பதா, இருபத்துநாலா

எழுபதுகளில் சென்னையில் எனக்கு வேலை. கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட மிதக்கவிடும் மேடைகளுக்குக் கணக்குப் போடுவோம். கீழே இரண்டு மூன்று மிதவைகள், அவற்றின்மேல் தூண்கள், தூண்கள்மேல் மேடை. காற்றில் சாய்ந்தால் தானாக நிமிருமா என்று இரண்டு முறைகளில் கணக்கிட்டு, விடைகளை ஒப்பிடுவதுதான் என் பிழைப்பு. இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. அந்த எரிச்சலோடுதான் சனிக்கிழமைகளில் காஞ்சிபுரத்துக்கு ரயில் ஏறுவேன்.

அந்த வருஷம் தெப்பத் திருவிழா எங்கள் தெருவின் முறை. நெசவாளர் தெருக்கள் பன்னிரண்டு. வருஷத்துக்கு ஒரு தெரு. முறை வந்த தெருக்காரர்கள் சாமியோடு தெப்பத்தில் ஏறிக் குளத்தைச் சுற்றலாம். போன முறை அப்பாவுக்கு அம்மை போட்டிருந்தது. இந்த முறை, அறுபத்தைந்து வயதில், தறியை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் புது வேட்டி எடுத்து வைத்திருந்தார்.

தெப்பம் என்பது இரண்டு வரிசைக் காலி டிரம்கள், குறுக்கே மூங்கில், மேலே பலகை, நடுவில் மண்டபம். எத்தனை பேர் ஏறலாம் என்று விழாத் தலைவர் என்னைக் கேட்டார். பெரிய மேடைக்கே கணக்குப் போடுகிறவனுக்கு இது எம்மாத்திரம்? ஒரு மணி நேரத்தில் போட்டு, நாற்பது என்றேன். தெப்பத்தில் ஏறும் நாற்பது பேர் பட்டியலில் அப்பாவும் இருந்தார்.

மறுநாள் காலை கோயிலில் தீபாராதனை மணி அடித்ததும், உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்தது. கற்பூரத் தட்டு எந்தப் பக்கம் நீண்டதோ அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கணக்கில் நாற்பது பேரும் சம்மணம் போட்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுக்குளத்தில் ஆரத்தி காட்டும்போது எவன் உட்கார்ந்திருப்பான்? எழுந்து நின்றால் எடை உயரத்துக்குப் போகும், ஒரு பக்கம் ஒதுங்கும். அந்தப் பக்கத்து டிரம்கள் முழுக்க மூழ்கிவிட்டால் நிமிர்த்த எதுவும் இல்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இதுகூடத் தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. கணக்கில் எல்லோரையும் நிற்க வைத்து மறுபடி போட்டேன். இருபத்துநாலு.

தலைவர் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து நாப்பதுன்ன, இன்னிக்கு இருவத்திநாலுன்ற. சாயங்காலம் எத்தினின்னு சொல்லப் போறப்பா?"

"ஆரத்திக்கு எல்லாரும் எழுந்துப்பாங்கய்யா."

"பின்னே? சாமி முன்னாடி உக்காந்துக்கினா இருப்பாங்க?"

நானும் அதைத்தான் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. நேற்றே சரியாகப் போட்டிருந்தால் கேட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் பழைய பட்டியல்படியே எல்லோரும் ஏறினார்கள். அப்பாவை மட்டும் நான் ஏற விடவில்லை. படித்துறையில் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் புது வேட்டியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் சுற்றில் ஆரத்தி. எல்லோரும் எழுந்து ஒரு பக்கம் நெருங்கினார்கள். அந்த வரிசை டிரம்கள் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே போய், ஒரு விரல் அகலம் மிச்சமிருக்கும்போது நின்றன. பிறகு மெல்ல மேலே வந்தன. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"பாத்தியாப்பா, முப்பத்தொம்பது பேரும் நனையாம வந்துட்டோம்" என்றார் தலைவர், கரையில் கால் வைத்தபடி. டிரம் இறங்கியதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பா வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார். "நம்ம தெரு முறை மறுபடி வர்றப்போ எனக்கு என்னா வயசாவும்? அதையும் கணக்குப் போட்டுச் சொல்லு."

அதை எந்த முறையில் போட்டாலும் ஒரே விடைதான். எழுபத்தேழு.