மூன்று தடவை அடித்தும் எடுக்காவிட்டால்

போனில் கூப்பிட்டு "உயிரோடு இருக்கிறீர்களா?" என்று விசாரிப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருப்பது, நியூ ஜெர்ஸிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நேரடியாக அப்படிக் கேட்கக் கூடாது. "குட் மார்னிங், ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்க வேண்டும். அர்த்தம் ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், கிரீன் கார்டு கைக்கு வந்த சூட்டோடு, ஐசலினில் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து பதினைந்து நிமிஷ தூரத்தில் இருந்த ஒரு யூதக் குடும்ப நல அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சாப்பாடு அனுப்புவது, அவர்களை டாக்டரிடம் கூட்டிப் போவது, ரஷ்யாவிலிருந்து புதிதாக வந்து இறங்கும் குடும்பங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவது என்று அங்கே பல காரியங்கள் நடந்தன. எனக்கு வாய்த்தது காலை போன்.

ஊரில் அம்மாவோ அப்பாவோ தனியாக இருந்து, மூன்று தடவை அடித்தும் போனை எடுக்காமல், நீங்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தேடியது உண்டா? அப்படியானால் நீங்கள் என் கட்சி, மேலே படியுங்கள். அந்த அனுபவமே இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

பயம் ஒரு தகுதி

இன்டர்வியூ எடுத்தது பார்பரா. ஐம்பது வயது, தலைமேல் ஒரு மூக்குக் கண்ணாடி, கழுத்தில் இன்னொன்று. "இந்த வேலை எதுக்கு வேணும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முந்தின நாள் முழுக்க உருப்போட வைத்த "ஐ லவ் டு ஹெல்ப் பீப்பிள்" வாயில் தயாராக இருந்தது. ஆனால் வெளியே வந்தது அப்பா கதை.

அப்பா கரூரில் தனியாக இருந்தார். ஒரு சனிக்கிழமை மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எங்காவது வெளியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போய்விட்டேன். அவர் பாத்ரூமில் விழுந்து கிடந்திருக்கிறார். திங்கட்கிழமை பால்காரர்தான் பார்த்தார். சனிக்கிழமை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் சொல்லி, மூக்கைச் சிந்தி, "யாராவது போன் எடுக்கலைன்னா செத்துட்டாங்கன்னே முடிவு பண்ணிடுவேன். நான் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டேன்" என்று ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பார்பரா இரண்டு கண்ணாடியில் ஒன்றைக் கண்ணுக்கு மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உட்காரு கீதா. பயப்படாத ஆளுங்க ரெண்டாவது தடவை போன் பண்ண மாட்டாங்க."

முதல் கால்

என் பட்டியலில் பதினோரு பேர். ஒருவர் எடுக்காவிட்டால் கால் மணி கழித்து மறுபடி அடிக்க வேண்டும். மூன்று தடவையும் எடுக்காவிட்டால் பார்பராவிடம் சொல்ல வேண்டும். அவர் அந்த அபார்ட்மெண்ட் மேனேஜரைக் கூப்பிட்டுச் சாவி போட்டுப் பார்க்கச் சொல்வார். என் வேலை அத்தோடு முடிந்தது.

முதல் நாள் முதல் பெயர் மிஸ்டர் லூயி, தொண்ணூறு வயது. ஒருதரம் அடித்தேன், இல்லை. இரண்டாம் தரம், இல்லை. மூன்றாவதுக்கு டயல் செய்யும்போது எனக்குக் கரூர் பாத்ரூமே கண்ணுக்குத் தெரிந்தது. எடுத்தார். நான் "குட் மார்னிங்" சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது.

"இன்னும் சாகலை. நாளைக்கு ட்ரை பண்ணு."

இரண்டு மைக்ரோவேவ்

ஆபீஸ் சமையலறையில் இரண்டு மைக்ரோவேவ் இருந்தன. ஒன்று பால் பொருள்களுக்கு, மற்றது மாமிசத்துக்கு. யூத சாஸ்திரப்படி இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. இதை முதல் நாளே சொன்னார்கள். சாதம் தொட்ட கையால் மோரைத் தொடக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் பத்துப் பார்ப்பது உண்டு என்பதால் எனக்கு நன்றாகவே புரிந்தது என்று நினைத்தேன். நான் சுத்த சைவம். என் டப்பாவில் பருப்பு சாதம். சைவத்தால் யாருக்கு என்ன தோஷம் என்று, காலியாக இருந்த மாமிச மைக்ரோவேவில் வைத்துவிட்டேன். சாதத்தில் ஒரு கரண்டி நெய் விட்டிருந்ததும், நெய் பாலிலிருந்து வருவதும் எனக்கு உறைக்கவில்லை.

மணம் சமையலறை முழுக்கப் பரவியது. சமையல் பொறுப்பாளர் ஓடி வந்து, "இதில் பட்டர் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன். மைக்ரோவேவ் மேல் ஒரு பேப்பர் ஒட்டப்பட்டது. அவர்கள் மத குரு ஒருவரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். நான் ஒரு மூலையில் நின்றபடி ஆறிப்போன சாதத்தை விழுங்கினேன். இந்த இடத்தில் எனக்குத் தெரியாத சட்டம் இன்னும் எத்தனை இருக்கிறதோ, அடுத்தது எதில் இடிப்பேனோ என்று அன்றைக்குப் பிடித்த பயம் பிற்பாடு வீண் போகவில்லை.

"மாமிசமே சாப்பிடாத ஒருத்தரால எங்க மாமிச மைக்ரோவேவ் கெட்டுப் போனது இதுதான் முதல் தடவை" என்றார் சமையல் பொறுப்பாளர்.

கதவு

பட்டியலில் கடைசிப் பெயர் மிஸஸ் ஹெர்ஷ். எழுபதை நெருங்கியவர், தனிக்கட்டை. அவரை நான் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. ஏழெட்டு மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்தரைக்குக் குரல் மட்டும்தான் பழக்கம். அவர் எலும்பு வலியைப் பற்றிப் பேச மாட்டார், பிள்ளைகளைப் பற்றியும் பேச மாட்டார். கேட்பது ஒரே கேள்வி: இன்றைக்கு யாராவது வீட்டுக்கு வருகிறார்களா? சாப்பாடு கொண்டுவருபவர் பதினொன்றரைக்கு வருவார், வேறு யாருமில்லை என்று நான் சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

ஏன் என்று பார்பராதான் சொன்னார். மிஸஸ் ஹெர்ஷ் ஹங்கேரியில் சின்னப் பெண்ணாக இருந்தபோது யுத்த காலத்தில் ஒரு நாள் விடியற்காலையில் சிப்பாய்கள் கதவை இடித்து, யூதர்கள் என்பதற்காகக் குடும்பத்தையே முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தது அவர் ஒருவர்தான். "அந்த வீட்டுக்குச் சொல்லாம யாரும் போகக் கூடாது. போனாலும் கதவைத் தட்டக் கூடாது, பெல் மட்டும்தான்" என்று, பட்டியலோடு எனக்குக் கொடுத்த விதிமுறை பைண்டரில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்து, தலையை ஆட்டி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நான் ஒருதரம் "பயப்படாதீங்க மிஸஸ் ஹெர்ஷ்" என்று சொல்லிவிட்டேன். "டோன்ட் வொர்ரி" என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கே எரிச்சல் வரும், அதைப் போய் அவரிடம் சொன்னேன். அவர் உடனே திருத்தினார்.

"நான் பயப்படலை. தயாரா இருக்கேன். ரெண்டும் வேற."

பண்டிகை நாளும் அதுவுமாக

செப்டம்பரில் யூத வருஷப் பிறப்பு வந்தது. இரண்டு நாள் ஆபீஸ் லீவு, போன் கிடையாது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. எங்களுக்கு லீவு என்பதால் போன் கிடையாது என்று நான் புரிந்துகொண்டேன். தீபாவளி அன்றைக்கு நம் வீடுகளில் எப்படி? விடிந்ததிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் கூப்பிடாத வீட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பண்டிகை நாளும் அதுவுமாக மிஸஸ் ஹெர்ஷுக்கு ஒரு போன்கூட வராதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எண்தான் மனப்பாடமாயிற்றே. மத்தியானம் வீட்டிலிருந்தே கூப்பிட்டேன்.

எடுக்கவில்லை. கால் மணி கழித்து அடித்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை. பார்பரா வீட்டுக்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் விழுந்து கிடக்க முடியாது என்று யோசிக்கும் புத்தி அப்போது எனக்கு இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஆபீஸுக்கு போன் போட்டேன். "வயசானவங்க மத்தியானம் தூங்குவாங்க கீதா. டென்ஷன் ஆகாம வேலையைப் பாரு" என்றார். அப்பா விஷயத்திலும் நான் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கார் சாவியை எடுத்தேன். ரூட் ஒன் ஹைவேயில் டிரைவ் பண்ண எனக்கு எப்போதும் உதறல். அன்றைக்கு மற்ற கார்கள் ஹாரன் அடித்தது நினைவிருக்கிறது, ஏன் அடித்தார்கள் என்று நினைவில்லை.

சாப்பாட்டுப் பட்டியலில் பார்த்த விலாசம்தான். பெல் அடித்தேன், பத்து நிமிஷம் அடித்தேன். உள்ளே சத்தமே இல்லை. மேனேஜர் வெளியே போயிருந்தார். எதிர் வீட்டுப் பெண்ணின் போனில் 911 கூப்பிட்டது நான்தான். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் முஷ்டியை மடக்கி, "போலீஸ்! ஓபன் த டோர்!" என்று கதவை இடித்த அந்த நொடியில், பைண்டரின் சிவப்பு மை எனக்கு ஞாபகம் வந்தது. "தட்டாதீங்க, தட்டாதீங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னை விலக்கிவிட்டு மறுபடி இடித்தார். நான் அப்படியே சுவரோடு சாய்ந்து, "மிஸஸ் ஹெர்ஷ், நான் கீதா, நான் கீதா" என்று குழந்தை மாதிரி அழுதேன்.

ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தாழ்ப்பாள் திறந்தது. குள்ளமான ஒரு அம்மாள், பண்டிகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டைக்கு மேலே கனமான குளிர்காலக் கோட்டு, அந்த வெயிலில். கையில் சின்ன பிரவுன் பெட்டி. அவர் என்னைப் பார்க்கவில்லை. போலீஸ்காரரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பது போல மரியாதையாகக் கேட்டார்.

"எத்தனை நாளைக்குத் துணி எடுத்துக்கணும்?"

பத்துப் பெயர்

லீவு முடிந்து பார்பரா கூப்பிட்டார். பண்டிகை நாளிலும், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரையிலும், மிஸஸ் ஹெர்ஷ் போலக் கடைப்பிடிப்பவர்கள் போனைத் தொட மாட்டார்களாம். கூப்பிடவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். பார்பராவும் அப்படித்தான். பண்டிகைக்குப் போன் செய்வது மரியாதை என்று நினைத்து வளர்ந்தவளுக்கு, போனைத் தொடாமல் இருப்பதுதான் மரியாதை என்று எப்படித் தெரியும்? காலையில் நடந்தே கோயிலுக்குப் போய் வந்து, காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு மிஸஸ் ஹெர்ஷ் தூங்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் சொன்னது சரி. அந்தப் பெட்டி இன்று நேற்று கட்டியதில்லை, எந்த வீட்டில் இருந்தாலும் அது கதவோரத்தில்தான் இருக்குமாம்.

என்னை வேலையிலிருந்து எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மிஸஸ் ஹெர்ஷுக்கு இனி வேறொருத்தி போன் செய்வாள் என்றார் பார்பரா. தினமும் பத்தரை ஆனால் என் கை தானாக போனுக்குப் போகும். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எனக்கு அந்தக் குரல் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். போய்ப் பார்க்கட்டுமா என்று பார்பராவிடம் கேட்டேன்.

"அந்தக் கதவை நீ போய்த் திறக்க முடியாது. அவங்க திறந்தா உண்டு."

வெள்ளிக்கிழமை மூன்றே முக்கால்

டிசம்பர். வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் சீக்கிரம் மூடிவிடும். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ஹெர்ஷ் பேசறேன். உன் நம்பரை பார்பராகிட்ட வாங்கினேன். நான் உயிரோட இருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல மெழுகுவர்த்தி ஏத்திடுவேன். நாளைக்கு நட்சத்திரம் தெரியற வரைக்கும் போன் எடுக்க மாட்டேன். செத்துட்டேன்னு நினைச்சு யாரையும் கூட்டிட்டு வராதே."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் உங்களை எவ்வளவு பயமுறுத்திட்டேன்..." என்று ஆரம்பித்தேன். ஆமாம், பயமுறுத்தினாய் என்றார். ஒப்புக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. கதவு அதிர்ந்ததில் விழித்து, கோட்டைப் போட்டு, பெட்டியை எடுத்து, கடைசியாகக் காது மெஷினை மாட்டினாராம். பின்னே எதற்கு என்னைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மெஷினை மாட்டினதும் முதல்ல கேட்டது உன் அழுகை. அந்தக் காலத்துல எங்க கதவை இடிக்க வந்தவங்கள்ல யாரும் அழலை."

அடுத்த வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டார், அதற்கடுத்ததும், நாங்கள் டெக்சாஸுக்கு மாற்றலாகிப் போகும் வரைக்கும். என் பட்டியலில் பத்துப் பேர் என்று ஆபீஸ் கணக்கு சொன்னது. ஆனால் மிஸஸ் ஹெர்ஷ் வைத்திருந்த பட்டியலில் ஒரே ஒரு பயந்தாங்கொள்ளியின் பெயர் இருந்தது, அவள் மட்டும் மூன்று தடவை அடிக்க விடாமல் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.