மாங்குயில் படத்தில் ஒட்டிய மஞ்சள்

பாண்டிச்செல்விக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. கப்பலூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே டப்பாக்களுக்கு மூடி போட்டுக் கால் வீங்கிப்போனவளுக்கு, மதுரையில் தனியார் நூலகம் ஒன்றில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. பழைய புத்தகங்களை அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பிடிப்பாள். முத்திருளன் கேமராவில் படம் எடுப்பான். இந்த வேலை போய்விடக் கூடாது என்ற பயத்தில் அவள் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலில் அவள் வேறு ஆள்தான். கடைசி நாளில் முறைக்காரர்களைத் துரத்தித் துரத்தி மஞ்சள் தண்ணி ஊற்றிவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு வந்தாள்.

"என்னக்கா, அண்டாவோட கைய முக்குனியா?" என்றான் முத்திருளன்.

"போடா, எம்புட்டுத் தேச்சாலும் போகமாட்டேங்குது."

அன்றைக்குப் பார்த்துத்தான் அடுத்த புத்தகம் மேசைக்கு வந்திருந்தது. நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி இருநூறு வருசத்துக்கு முன் போட்டது. கோடுகளை அச்சடித்து, ஒவ்வொரு தாளுக்கும் ஆள் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். அதுவரை அவள் கைபட்டவை எல்லாம் கறுப்புவெள்ளைப் படங்கள். முதல் படம் மாங்குயில். அதன்மேல் மூடியிருந்த மெல்லிய தாளின் ஓரத்தைத் தூக்கினாள். தாளின் உட்புறம், அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே, மஞ்சளாக ஒரு தீற்றல்.

சட்டென்று தாளை விட்டாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"தலை சுத்துது, செத்த நேரம் கழிச்சு எடுப்போம்" என்றாள். முத்திருளன் டீ குடிக்கப் போனான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. பேசாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குருவியை, அவர்கள் வீட்டு மாமரத்துக்கு வரும் அதே குருவியை, யாரோ ஒருத்தர் இமைகூட ஆடாமல் தீட்டியிருந்தார். அதில் போய் இவள் கையைத் துடைத்திருக்கிறாள்.

நூலகப் பொறுப்பாளர் தமிழ்வாணியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, படத்துத் தாள மஞ்சளாக்கிட்டேன். வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் போயிர்றேன்."

தமிழ்வாணி எழுந்து வந்தார். மூடுதாளை முழுசாகத் தூக்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க வா. நல்லாப் பாரு."

பாண்டிச்செல்வி பார்த்தாள். தீற்றலுக்கு வால் இருந்தது. அலகு இருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருந்தது. படத்தில் இடப்பக்கம் பார்த்த மாங்குயில், தாளில் மங்கலாக வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இத்தனை வருசம் மூடியே கெடந்ததுல சாயம் ஒட்டியிருக்கு. உங்க ஊரு மஞ்சளுக்குக் கண்ணுக்கு மை தீட்டவும் தெரியுமா?"

அடுத்த படத்தையும் திறந்து காட்டினார். கிளியின் பச்சை அதன் மூடுதாளில் அப்படியே இறங்கியிருந்தது. பாண்டிச்செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அக்கா, அப்ப இந்தத் தாளையும் படம் எடுக்கணுமா?"

"எடுங்க. ஆனா நீ முதல்ல போய் இன்னொரு தடவ சோப்புப் போட்டுக் கழுவு. இனிமே பொங்கலுக்கு மறுநாள் லீவு கேட்டு வாங்கிக்க."

அப்போதுதான் அவளுக்குப் பசித்தது. டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சோறு, மஞ்சள் மஞ்சளாக. அன்று கரண்டியால் தின்றாள்.