கிரகணத்தன்று அறுத்த சீலா மீன்

என் மகள் பிளந்த மேலுதட்டோடு பிறந்தாள். அண்ணத்திலும் பிளவு. பால் கொடுத்தால் மூக்கு வழியே வந்துவிடும். அவளைப் பார்த்ததும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "ஏளா, கிரகணத்தன்னைக்கு நீ சீலா மீன் அறுத்தியா இல்லியா?"

அறுத்தேன். ஹார்பரில் வேலை முடிந்து கணவர் வாங்கி வந்த மீன். பின்னே முழுசாகவா குழம்பில் போடுவது? அந்தக் குழம்பை மாமியும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். சர்ச்சில் ஞாயிறு பூசையை ஒருநாளும் விடாத வீடு. ஆனாலும் கர்ப்பிணி கிரகணத்தில் கத்தி எடுத்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மாமி இந்தக் கதையோடுதான் காபி கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரிக்கும் மாமி கூட வந்தார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். மாமி சுவரைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"மாமனாரோட அண்ணனுக்கு உண்டு டாக்டர். மீசை வச்சு மறைச்சிருக்காங்க."

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பரம்பரையாக வரலாம். வீட்டில் சிகரெட் புகை, தாய்க்குச் சர்க்கரை, வலிப்புக்குச் சாப்பிடும் சில மருந்துகள், ஃபோலிக் ஆசிட் சத்துக் குறைவு, இவையும் சேரலாம். பல பிள்ளைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று கைகாட்டவே முடியாதாம்.

"கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. உதட்டை முதல்ல தைச்சிரலாம், அண்ணத்தைப் பிறகு சரிபண்ணலாம். அடுத்த பிள்ளைக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட் மாத்திரை தொடங்கிருங்க. வீட்டுல புதுசா கல்யாணம் ஆனவங்க இருந்தா அவங்களும் டாக்டர்ட்ட கேட்டுக்கிடட்டும்."

மாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டாரிடம் மறுபடியும் சீலா மீன் கதை. நான் கர்ப்பமாக இருந்தபோது படுக்கையறையிலேயே சிகரெட் ஊதிய என் கணவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தி பிடித்த கை மட்டும்தான் இவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

மகளுக்கு உதட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மணப்பாட்டில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் பார்க்க வந்தாள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மாமி அவளிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மூடிவைத்திருப்பார் என்றே நினைத்தேன். அந்தப் பெண்ணுக்காவது உண்மை தெரியட்டுமே என்று அறைக்குள் கூப்பிட்டு, அவள் பெரியப்பாவின் உதட்டு விஷயத்தையும் மாத்திரையையும் சொன்னேன்.

"அது எப்பமோ போட ஆரம்பிச்சிட்டேன் மைனி. நீங்க டாக்டரைப் பாத்த அன்னைக்கே அம்மா போன் போட்டுச் சொல்லிட்டாங்க. நம்ம குடும்பத்துல ஓடுது, கவனமா இருன்னாங்க."

முன்னறையில் வந்தவர்களிடம் மாமி மீன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே போனேன்.

"மாமி, மீனை விடுங்க. உங்க மகளை எதுக்கு மாத்திரை போடச் சொன்னீங்க? அதை இவங்ககிட்டச் சொல்லுங்க."

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். அவருக்குக் கோபமே வரவில்லை. நான் என்னவோ விவரம் தெரியாமல் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவ எம் பிள்ளைல்லா."