பழி சுமந்த கருவாடு

எங்கள் அறையில் ஒரு நாற்றம். மகளுக்கு விடாத இருமல்.

"ஒங்கட கருவாட்டு வாடைதான்" என்றாள் மனைவி.

நான் கற்பிட்டியில் கருவாடு விற்பவன். வீட்டில் வைத்திருந்த கருவாட்டு மூட்டைகளைத் தம்பி வீட்டுக்கு மாற்றினேன். கடைக்கு இடுப்பில் கட்டும் சாரத்தை வாசல் கொடியிலேயே மாற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். ஆனாலும் நாற்றம் போகவில்லை.

இன்று, வீடுகளில் மறைந்திருக்கும் பூஞ்சணத்தைக் கண்டுபிடிக்கவே படித்த ஒருவரைக் கொழும்பிலிருந்து வரவழைத்தோம். சுவர் சுவராக ஈரம் அளந்துகொண்டு வந்தவர், அலுமாரியை நகர்த்தச் சொன்னார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு.

"பாத்ரூம் பைப் உள்ளுக்குள்ள கசியுது. நாத்தம் இந்தப் பூஞ்சணத்தாலதான்."

"அப்ப கருவாடு?" மனைவி மெல்லக் கேட்டாள்.

"கருவாட்டுல ஒரு பிழையும் இல்ல, மேடம்."

அவர் போனதும் அவள் கொடியில் கிடந்த என் சாரத்தை எடுத்துவந்து, தன் உடுப்புகளோடு சேர்த்து மடித்து வைத்தாள்.

"தம்பிட ஊட்டுல இருந்து கட்டாக் கருவாடு கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. ராவைக்குப் பொரிக்கிறேன்."

உங்கள் வீட்டில் இப்போது பழி யார் மேல்? எதற்கும் அலுமாரியை ஒருக்கா நகர்த்திப் பாருங்கள்.