வலது கைக்கு ஒரு பரீட்சை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்துகொண்டிருந்தேன். பைக்கிலிருந்து விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டதில் கால்களும் விரல்களும் அசைவற்றுப் போயின. சென்ற ஆண்டு, கட்டைவிரல் மடங்குவதற்காக வலது கையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பலனைப் பார்த்துத்தான் இடது கைக்குச் செய்வதா என்று முடிவெடுப்பார்கள்.

பரிசோதனை நாளில், ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி தரும் பெண், பிடியின் பலத்தை அளக்கும் ஒரு சிறு கருவியை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தச் சொன்னார். அதன் முள் அசையவே இல்லை.

"இவ்ளோதானா அண்ணா?" என்றார்.

இடது கையின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்துவிட்டாள். "வூட்ல நான் நெய்யறப்போ அறுந்த இழைய இவருதாம்மா புடிச்சிக்கினு இருப்பாரு. மெதுவா புடிச்சே பழக்கம். இன்னாங்க, இது பட்டா, அறுந்து போவ? நசுக்குங்க."

நசுக்கினேன். முள் நன்றாக ஏறியது.

"இழை புடிப்பீங்களா? இத ஏன் அண்ணா சொல்லவே இல்ல?" என்று அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டார். இடது கைக்கும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம், கூச்சமாக இருந்தாலும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வீட்டில் என்னென்ன செய்கிறேன் என்பதையும் நானே சொல்கிறேன்.

இதை ஒருவழியாக எழுதி முடித்தது ஆவணி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.