புகைக்கூட்டு வாசலில் ஒரு பிள்ளை

சுகாதாரப் படம் காட்டும் வேலையில் பதினொரு வருடம் இருந்தேன். கையால் சுழற்றும் புரொஜெக்டர், பற்றரி, வெள்ளைச் சீலை, நாலு ரீல் பிலிம். இவற்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களுக்குப் போவேன். அவை பேசாத படங்கள். விளக்கம் சொல்வதும் நான்தான். யாழ்ப்பாணத்து ஆள், சட்டை போட்ட ஆள் என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டச் சனங்கள் மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலும் எனக்கு இடமில்லை. டிஸ்பென்சரியில் நோயாளிகள் இருக்கும் வாங்கில் தனியே படுப்பேன். "படம் தொடங்கப் போகுது" என்பதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசாமல் கழிந்த நாட்கள் பல.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நடந்ததை, இந்த வேலைக்கு வரும் தம்பிமாருக்காக எழுதுகிறேன்.

பகல் இரண்டு மணிக்குத் தோட்டத்து றப்பர் ஸ்டோரின் யன்னல்களைச் சாக்கால் மூடி, புகைபிடித்தலைப் பற்றிய கார்ட்டூனைப் போட்டேன். ஒரு குரங்குக்குட்டி சுருட்டைத் திருடிப் பற்றவைக்கும். புகை கயிறாக நீண்டு அதன் கழுத்தைச் சுற்றும். மற்றத் தோட்டங்களில் பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும், "புகை உள்ளே போனால் நெஞ்சை இப்பிடித்தான் இறுக்கும்" என்று உரக்கச் சொல்வேன். அன்றும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து வெளியே ஓடியது. படம் நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் காலை, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி அவசரமாக ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். றப்பர் பாலை உறையவைத்துச் செய்த சீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைக்கூட்டின் வாசலில் அந்தப் பிள்ளை குறுக்கே கை விரித்து நின்றாள். பெயர் காமாட்சி. உள்ளே விறகு போடும் மாரிமுத்து அவளுடைய அப்பா.

"உள்ள போகாதீங்கப்பா. பொகை கழுத்த நெறிச்சிரும். ராவெல்லாம் இருமுறீங்கல்ல?"

மாரிமுத்து கெஞ்சினார். "வுடு தாயி. நெருப்பு அணைஞ்சா சீட்டெல்லாம் பூசணம் புடிச்சிரும். தொர என்னைய வேலைய வுட்டு நிப்பாட்டிருவாரு."

கங்காணி என் பக்கம் திரும்பினார். "ஒங்க படத்தால வந்த வெனைங்க இது. நீங்களே சொல்லி அனுப்புங்க."

நான் அவளருகே குந்தினேன். "பிள்ளை, படத்தில வந்தது சுருட்டுப் புகை. இது வேற. இது ஒண்டும் செய்யாது."

"நெசமாவா?"

"ஓம்."

கைகளைக் கீழே விட்டாள். மாரிமுத்து கதவைத் திறந்து உள்ளே போனார். வெளியே வந்த புகையில் எனக்குக் கண் எரிந்தது. இருமல் வந்து நிற்கவில்லை. காமாட்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வருடம் அதே தோட்டத்துக்குப் போனேன். மாரிமுத்து இன்னும் புகைக்கூட்டில்தான் இருந்தார். அவருக்குப் பேச்சைவிட இருமல்தான் அதிகம் வந்தது. காமாட்சி படம் பார்க்க வரவில்லை. வழியில் கண்டு கூப்பிட்டேன்.

"நீங்க பொய் சொல்லுவீங்க" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று நான் வேறு பதில் சொல்லியிருந்தால் மாரிமுத்துவின் வேலை போயிருக்கலாம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அதன்பின், எனக்குத் தெரியாததைப் பிள்ளைகள் கேட்டால் தெரியாது என்றே சொன்னேன். சில துரைமார் அதற்காக என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தத் தோட்டத்துக்கும் நான் மறுபடி போகவில்லை. நான் போன தோட்டங்களில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காக நின்ற முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.