ரேம்ப்பில் ஏறாத மூச்சு

பள்ளிக்கூட ஆயா வேலையில் கூட்டுவதையும் துடைப்பதையும்விடத் தள்ளுவதும் தூக்குவதும்தான் அதிகம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கணக்கு வருகிற இடத்தில் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதையாவது தள்ளிப் பிழைக்கிறவர்களுக்கு என் இடுப்பு வலியாவது புரியும்.

காலையும் மாலையும்

மைசூரில் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு ரீட்டாவுக்குச் சக்கர நாற்காலி. இரண்டடி உயர வராந்தாவுக்கு ஏற சிமென்ட் ரேம்ப் உண்டு. எட்டடி நீளம்தான்; சுவரைச் சாய்த்து வைத்த மாதிரி செங்குத்தாக இருக்கும். காலையில் ஏற்றும்போது மூச்சு வாங்கும். மாலையில் இறக்கும்போது கை வழுக்கினால், பிள்ளை நேராகப் போய் கேட்டில் மோதும். சாமுண்டித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இறக்குவேன். ஒருநாள் ரீட்டா திரும்பிப் பார்த்து, கன்னடம் கலந்து சொன்னாள்: "ஆன்ட்டி, சும்னே சாமியக் கூப்பிடாதீங்க, எனக்குத்தான் பயமாகுது."

இழுத்துக் கட்டிய நீளம்

என் புலம்பல் தாங்காமல் ஹெட்மிஸ்ட்ரஸ், மார்டள்ளி ஊர்க்கார மேஸ்திரி ஒருவரை வரவழைத்தார். பன்னிரண்டு அடி போனால் ஓரடிதான் ஏற வேண்டும், அதனால் மொத்தம் இருபத்து நான்கடி நீளம் வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அவரிடம் சொன்னார். மேஸ்திரி பழைய ரேம்ப்பைத் தொடவே இல்லை. அதன் கீழ்முனையிலிருந்து பதினாறடிக்குத் தட்டையாகச் சிமென்ட் போட்டு நீளத்தைச் சரிக்கட்டிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாற்காலியை ஏற்றினேன்; மேல்பாதிக்குப் போனதும் அதே மூச்சு. நீளம் கூடியும் மூச்சு வாங்குகிறதே, எனக்குத்தான் ஏதோ வியாதி என்று நடுங்கிப்போனேன். மேஸ்திரி சொன்னார்: "டேப்பு வச்சுப் பாருங்கக்கா, ஒரு அங்குலம் கொறஞ்சாலும் கேளுங்க. ஆமா, உங்களுக்குச் சுகர் இருக்குதுங்களா?"

கட்டம் போட்ட தாள்

அந்த வாரம் எட்டாம் வகுப்பில் நேர்கோடும் சாய்வும் பாடம். ரீட்டா கணக்கு மிஸ்ஸைப் பிடிவாதமாக வெளியே கூட்டி வந்துவிட்டாள். பிள்ளைகள் மட்டமாகக் கயிறு கட்டி, ரேம்ப் அடிக்கு அடி எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, தாளில் புள்ளி வைத்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவு ஏறினால் புள்ளிகள் நேர்கோட்டில் வருமாம். இவர்களுக்கு வந்த கோடு முதலில் படுத்துக் கிடந்தது, பிறகு திடீரென்று நிமிர்ந்தது. நிமிர்ந்த இடம்தான் எனக்கு மூச்சு வாங்கிய இடம்! வியாதி சிமென்டுக்குத்தான் என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரீட்டா தாளை மேஸ்திரியிடம் நீட்டினாள்: "அண்ணா, ஆன்ட்டிக்குச் சுகர் இல்ல. உங்க கோடுதான் நடுவுல உடைஞ்சிருக்கு."

இறக்கம்

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே இடித்து, கீழிருந்து மேல்வரை ஒரே சீராகக் கட்டினார். ரீட்டா தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். வகுப்பே கைதட்டியது, நான் அழுதேன். மாலையில் இறங்கவும் தானே போவேன் என்றாள். நான் கைப்பிடியை விடவில்லை. மேஸ்திரி சிரித்தார்: "விடுங்கக்கா, இப்ப எலுமிச்சம்பழத்த வச்சாக்கூட மெல்லத்தான் உருளும்."

விட்டுவிட்டேன், இப்போது அவள் தானாகத்தான் இறங்குகிறாள், நான் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து இறங்குகிறேன்.